சவுக்குக் கம்பில் கட்டிய வீரத்தாய்

எங்கள் அவனியாபுரத்தில் எது நடந்தாலும் பிளெக்ஸ் வைத்தாக வேண்டும். இல்லையென்றால் அது நடக்கவே இல்லை என்று அர்த்தம். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, ஜல்லிக்கட்டில் பீரோவைப் பரிசாக ஜெயித்தது, எல்லாவற்றுக்கும் உண்டு. போன வருஷம் ஒரு வீட்டில் நாய் குட்டி போட்டதற்குக்கூட வைத்தார்கள். இவ்வளவுக்கும் காரணம் ராஜகுரு. தெரு முக்கில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

அவர் மனைவி சுந்தரவல்லி வக்கீல். கருக்கலைப்பே கூடாது என்று ஓர் இயக்கம் நடத்துகிறார். ஹைகோர்ட்டில் வழக்குப் போடுவார், ஆணா பெண்ணா என்று சொல்லிக் காசு பார்க்கிற ஸ்கேன்காரர்கள்மேல் புகார் கொடுப்பார், காலேஜ் காலேஜாகப் போய்ப் பேசுவார். கைப்பையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ரப்பர்ப் பிள்ளை எப்போதும் இருக்கும். கல்யாணப் பந்தியிலும் விடமாட்டார். "மூணு மாசத்துல இப்படித்தான் இருக்கும், தொட்டுப் பாருங்க" என்று இலை ஓரத்தில் வைப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள்.

புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொள்வார்கள்; எனக்கு ஒரு வார்த்தை புரியாது. அந்த வீட்டில் எனக்குப் பிடிக்காத விஷயம் அது ஒன்றுதான்.

எங்கள் எதிர்வீடு சரண்யாதேவியுடையது. புருஷன் அருண்பாண்டி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். இரண்டு பெண் பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். திருமங்கலம் தாண்டி ஒரு வீட்டில் ஸ்கேன் மிஷினைச் சூட்கேஸில் கொண்டுவந்து பார்க்கிற ஒருத்தனிடம் அவளைக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கிய மாமியாரின் முகத்தைப் பார்த்தே நான் சொல்லிவிட்டேன், மறுபடியும் பெண் என்று.

அன்றிலிருந்து தினமும் அடி. அவள் தலை சுவரில் மோதுகிற சத்தம் டி.வி.யைக் குறைத்து வைத்தால் தெளிவாகக் கேட்கும். நான் குறைத்துத்தான் வைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் அவள் வக்கீல் வீட்டுப் பின்வாசலில் நின்றாள். நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். துணி எப்போதோ காய்ந்துவிட்டது, அது வேறு விஷயம்.

"அக்கா, வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போயி கலைச்சுப்புடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. எனக்கு இந்தப் பிள்ளை வேணும்க்கா."

"நான் இருக்கேன்ல. சட்டம் இருக்கு. எதுக்குப் பயப்படுற?"

"நான் சொன்னேன்னு மட்டும் வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவான்."

சுந்தரவல்லி சொன்ன சொல் தவறவில்லை. சரண்யாவின் பெயர் எங்கேயும் வராமல்தான் புகார் கொடுத்தார். அதிகாரிகள் போனார்கள், சூட்கேஸோடு அந்த ஆளைப் பிடித்தார்கள். கருவைக் கலைக்கிற பொம்பளை வேறொருத்தி; அவள் பயந்து போனை அணைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சும்மா கழிந்தது.

ஆக, ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்தால் என்ன செய்வார்கள்?

திங்கட்கிழமை சுந்தரவல்லி கோர்ட்டுக்குப் போன நேரம் பார்த்து ராஜகுரு பிளெக்ஸ் அடித்துவிட்டார். மனைவிக்குத் திடீர் சந்தோஷம் கொடுக்க ஆசை. இயக்கத்துக் கூட்டம் ஒன்றில் ரப்பர்ப் பிள்ளையைக் கையில் வைத்தபடி சரண்யா உட்கார்ந்திருந்த போட்டோ அவரிடம் இருந்தது. 'கருவைக் காத்த வீரத்தாய் சரண்யாதேவி! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்.' கீழே, கூலிங்கிளாஸ் போட்டுக் கும்பிட்டபடி ராஜகுரு. அதை நட்ட இடம்தான் விசேஷம். ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரில்.

"மாப்ள, ஒம் பொண்டாட்டி பெரிய ஆளாயிட்டா போலயே. எங்கடா ஒன் போட்டாவக் காணோம்?" என்று ஸ்டாண்டில் ஒருவன் கேட்டானாம்.

அருண்பாண்டி ஆட்டோவிலிருந்து குதித்தான். பிளெக்ஸ் கட்டியிருந்த சவுக்குக் கம்பைப் பிடுங்கினான். துணி பாதியில் கிழிந்தது. சரண்யாவின் பாதி முகம் கம்பிலேயே தொங்க, அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தான்.

அவள் வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் அடி தோளில். குடம் உருண்டது. இரண்டாவது அடிக்குள் அவள் சுருண்டு இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிக்கொண்டாள். முதுகைக் கொடுத்துவிட்டாள். ரவிக்கை கிழிந்து ரத்தம் கோடு கோடாக இறங்கியது. தடுக்க ஓடிவந்த மூத்த பெண்ணை ஒரே உதையில் சாக்கடையோரம் தள்ளினான்.

"முதுகுல என்னடா அடிக்கிற? வயித்துல போடுறா! இங்கனயே ஜோலிய முடி!" என்று வாசற்படியிலிருந்து மாமியார் கத்தினாள்.

தெருவே நின்று பார்த்தது. நாலு பேர் செல்போனில் எடுத்தார்கள். கீழ்வீட்டு மீனா மட்டும், "யாராச்சும் பிடிங்களேன்!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் போட்டாள்.

அப்போதுதான் சுந்தரவல்லியின் ஸ்கூட்டி வந்தது. வழியில் கிழிந்த பிளெக்ஸைப் பார்த்திருக்கிறார். கடை வாசலில் நின்ற புருஷனைப் பார்த்துச் சௌராஷ்டிரத்தில் அலறினார். அன்றைக்கு அந்த மொழி எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து நடுவில் நின்றார்.

"அருண்பாண்டி, இது எந்த செக்‌ஷன்ல வரும்னு தெரியுமாடா..."

எந்த செக்‌ஷன் என்று சொல்லி முடிக்கவில்லை. கம்பு உச்சந்தலையில் இறங்கியது. வெள்ளைக் கழுத்துப்பட்டை சிவந்துபோனது. கைப்பை விழுந்து வாய் பிளக்க, ரப்பர்ப் பிள்ளை உருண்டு சாக்கடையில் விழுந்தது.

மறுபடி ஓங்கினான். கம்பில் தொங்கிய பிளெக்ஸை இரண்டு கையாலும் பற்றி ஓர் இழு இழுத்தாள் சரண்யா. ஈரத்தில் கால் வழுக்கி அவன் மல்லாக்க விழுந்தான். கம்பு அவள் கைக்கு வந்தது.

முதல் அடி முழங்காலில். பச்சை விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம், என் மாடிவரை கேட்டது. அடுத்தது எழ முயன்ற கையில். பிறகு எங்கே விழுந்தது என்று அவளும் பார்க்கவில்லை. "போதும்டி, எம்புள்ள செத்துருவான்டி!" என்று மாமியார் மண்ணில் விழுந்தாள்.

"ஒங்க புள்ளைன்னா வலிக்குதுல்ல? இன்னொரு தரம் என் வயித்துப் பக்கம் கை வந்துச்சு, ரெண்டு பேரையும் இங்கனயே பொதைச்சுருவேன்."

மூன்று பேரையும் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். நானும் போனேன், துணைக்கு ஆள் வேண்டாமா? சரண்யாவின் வயிற்றில் கருவியை வைத்து டாக்டரம்மா பிள்ளையின் இதயத்துடிப்பை வெகுநேரம் தேடினார். சரண்யா கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துவிட்டன. பிறகு குதிரை ஓடுகிற மாதிரி அந்தச் சத்தம் கேட்டது. அடிவாங்கும்போது அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

பக்கத்துக் கட்டிலில் தலையில் தையலோடு சுந்தரவல்லி. காலடியில் ராஜகுரு. மனுஷனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"தங்கச்சி, தப்பு எம்மேலதான். கேஸ் மட்டும் ஜெயிக்கட்டும், பைபாஸ்ல இருபதடிக்கு ஒண்ணு..."

"அண்ணே," என்றாள் சரண்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எம் மூஞ்சிய இன்னொருவாட்டி கம்புல கட்டுனீங்க, அதே கம்புலதான் ஒங்களுக்கும்."

"அவ அடிக்காட்டி நான் அடிப்பேன்," என்றார் சுந்தரவல்லி, தமிழிலேயே.

அருண்பாண்டி மேல் வழக்கு நடக்கிறது. நொண்டியபடி வாய்தாவுக்கு வந்துபோகிறான். சுந்தரவல்லி இப்போதும் காலேஜ்களில் பேசுகிறார். வகிட்டில் தழும்பு தெரிகிறது. கைப்பையில் ரப்பர்ப் பிள்ளை மட்டும் இல்லை. சாக்கடையில் கிடந்ததை எடுத்துக் கழுவி, துண்டுத் துணியில் சட்டை தைத்துப் போட்டுச் சரண்யாவின் மூத்த பெண் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் திருப்பிக் கேட்கவில்லை.

மாசியில் சரண்யாவுக்குக் குழந்தை பிறந்தது. பெண்தான். நான் அங்கே இருந்தபோது ராஜகுரு அவள் வீட்டு வாசல்வரை வந்தார். கதவோரம் சாத்தியிருந்த சவுக்குக் கம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மிட்டாய்ப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.