எட்டு நாள் கடல்

சிங்கப்பூரில் வேலை பார்த்த ஜெபதாஸ், விமானத்தில் புறப்பட்டுவிட்டதாகத் தந்தி அடித்திருந்தான். நான்கு வருஷம் கழித்து வருகிறவன். வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டு, பச்சைப் பட்டு உடுத்தி வாசலில் நின்று வரவேற்க வேண்டும் என்பது மனைவி ராகேலின் ஆசை.

“நேரம் இருக்குமா மாமி?”

“கப்பல்ல எட்டு நாளு மக்கா. பறந்து வந்தாலும் அதுல பாதியாவது ஆவாதா? ஆயிரத்தெண்ணூறு மைலு கடலாக்கும்!” என்றாள் மாமியார் தங்கபாய்.

அந்தக் கடலை அவன் ஒரே பகலில் தாண்டியிருந்தான். சென்னையிலிருந்து ரயிலும் பஸ்ஸும்தான் இழுத்தடித்தன. மூன்றாம் நாள் காலை, ராகேல் ஏணியில் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது கீழே பெட்டியுடன் வந்து நின்றான்.

“ஏட்டி, தலை முழுக்க நரச்சுப் போச்சே!”

சுண்ணாம்பு வழியும் முகத்தோடு ராகேல் சிரித்தாள்.

“கப்பல்ல வந்திருந்தா கறுப்பாத்தான் இருந்திருக்கும்.”