அவர் வண்டியில் நான் ஏறக் கூடாது

சுற்றுலாக் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மலை உச்சியில் ஒரு ஹோட்டல். பயணத்தில் இன்னும் பாதிகூட முடியவில்லை. கதவைத் தட்டிச் சொன்னவர் அடுத்த அறைத் தலைமையாசிரியை. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தக் குரலில் பிரம்பு போகவில்லை.

"கம்பெனியை இழுத்து மூடிட்டாங்களாம்மா. போனை எடுக்க ஆள் இல்லை. எல்லாரும் கீழ கூடியிருக்கோம், வாங்க."

வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டு, "ஏங்க, நம்ம தலையில கல்லைப் போட்டுட்டாங்க!" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஜன்னலில் நின்று கீழே இருந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு" என்றார்.

இதுதான் அவர். அவர் பஸ் டிரைவர். வயதாகிவிட்டது என்று இப்போது டவுன் பஸ் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு முன்னால் பல வருஷம் மலைப் பாதையில் ஓட்டியவர். ஊரில் பாதிப் பேரை அவர் ஏற்றி இறக்கியிருக்கிறார். கட்டின பெண்டாட்டி மட்டும் அவர் வண்டியில் ஏறக் கூடாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை ஏறினேன். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார், "இனிமே நான் ஓட்டுற வண்டில நீ ஏறாத" என்று. ஏன் என்று கேட்டால் "சொன்னா கேளேன்" என்பதற்கு மேல் வாயே திறக்க மாட்டார். இத்தனை வருஷமாக நிறுத்தத்தில் அவர் வண்டி வந்தால் நான் தள்ளி நின்றுகொண்டு அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறேன். கண்டக்டர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. தையல் கடையில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அன்றைக்குப் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம் ஊர்க்கதையெல்லாம் பேசி வண்டியே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன். புது மாப்பிள்ளைக்கு மானம் போயிருக்கும். அது எனக்குள் ஒரு முள்ளாகவே கிடந்தது. வெளியே சொல்லிக்கொண்டதில்லை.

அதனால்தான் இந்தச் சுற்றுலா. வேறொருவன் ஓட்டுகிற வண்டியில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஜன்னல் வழியாக இரண்டு பேரும் மலையைப் பார்க்க வேண்டும். இதற்காகவே கண் எரிய எரியத் தைத்துப் பணம் சேர்த்தேன். கிளம்பும்போது இன்னொரு காரியமும் செய்தேன். டிரைவர் என்று தெரிந்தால் ஆளாளுக்கு வந்து வண்டிப் பேச்சே பேசி என் மனுஷனைக் கெடுத்துவிடுவார்கள் என்று, வண்டியில் கேட்டவர்களிடமெல்லாம் "அவர் கணக்குப் பிரிவு அதிகாரி" என்று அடித்துவிட்டேன். வந்தது வினை. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தினமும் சாப்பாட்டு மேஜையில் இவரைப் பிடித்து வைத்துக்கொண்டு வரி பற்றிச் சந்தேகம் கேட்டார். இவர் மோட்டுவளையைப் பார்த்தபடி, "அது கேஸைப் பொறுத்தது" என்று சொல்லிச் சமாளித்தார். எங்கிருந்துதான் அந்தப் பதிலைப் பிடித்தாரோ!

ஆனால் நான் நினைத்தது நடக்கவில்லை. ஆள் பக்கத்தில் இருந்தார், மனசு ஸ்டியரிங்கில் இருந்தது. வளைவு வந்தால் வலது கால் தரையை அழுத்தும். "இங்க கியரைக் குறைக்கணும்" என்று முணுமுணுப்பார். "அருவிங்க, அருவி!" என்று நான் தோளைப் பிடித்து உலுக்குவேன். அவர் திரும்புவதற்குள் அருவி போயிருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு ஜன்னல் வழியாக அவரையே தள்ளிவிடலாம் போல இருந்தது.

கீழே போனோம். ஹோட்டல் வரவேற்பு அறை சாவு வீடு மாதிரி இருந்தது. புதுசாகக் கல்யாணமான பெண் ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷன் கம்பெனி எண்ணையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தான். ஹோட்டல் மேனேஜர் நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் கையையும் கட்டிவிட்டார்கள்.

"எங்களுக்கும் பட்டை நாமம்தாங்க" என்றார். "போன மாசத்துப் பாக்கியே வரல. மதியத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லி முதலாளி உத்தரவு. காலைச் சாப்பாடு மட்டும் என் பொறுப்புல போடறேன்."

"அப்ப நாங்க எப்படி ஊர் போறது?" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

அதுதானே கேள்வி. அந்த மலைக்குப் பொதுப் பஸ் வாரம் ஒரு தடவை, அது நேற்றே இறங்கிவிட்டது. எங்கள் வழிகாட்டிக்கு நான் வைத்திருந்த பேர் கைகாட்டி, எந்நேரமும் எதையாவது காட்டிக்கொண்டே வருவான். அவனும் இரண்டாவது டிரைவரும் காய்கறி வேனில் ஏறி விடியற்காலையிலேயே கம்பி நீட்டிவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, சம்பளமே வரவில்லையாம். மிச்சம் இருந்தது பஸ்ஸும் மீசைக்கார டிரைவரும்தான்.

மீசைக்காரர் பஸ் முதலாளியிடம் போனில் பேசிவிட்டு வந்தார். "வண்டி எப்படியும் கீழ போயாகணும். டீசலை நீங்க போட்டுக்கிட்டா உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு. ஆனா ஒரு சிக்கல். மலையில இருந்து ஊர் வரைக்கும் ஒத்தை டிரைவர் ஓட்டக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்றாரு. அவர் சொல்றது நியாயம். மேல ஏத்திக்கிட்டு வந்ததே நான்தான், இன்னும் கண்ணு எரியுது."

"மாத்து டிரைவர் எப்ப வருவாரு?"

"ரெண்டு நாளாகும்."

இரண்டு நாள்! மேனேஜர் மதியம் என்கிறார், பஸ் முதலாளி இரண்டு நாள் என்கிறார். புதுப்பெண்ணின் அழுகை இன்னும் ஒரு கட்டை ஏறியது. தலைமையாசிரியை கையைத் தட்டினார். "நம்மள்ல பெரிய வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? லைசென்ஸோட."

என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த மான் படத்தை அப்படி ரசித்தார். வாழ்நாளில் ஒரு படத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அப்படி ஒரு வாயை ஆண்டவன் கொடுக்கவில்லை. "இதோ நிக்கிறாரே!" என்றேன். "முப்பது வருஷம் பஸ் ஓட்டின கை. லைசென்ஸ் பர்ஸ்ல இருக்கு."

ஜவுளிக்கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "கணக்கு அதிகாரின்னீங்க?"

"பொய் சொன்னேன். உங்க வரியை வேற ஆள்கிட்ட கேட்டுக்கோங்க" என்றேன். அந்த நிலைமையிலும் நாலு பேர் சிரித்தார்கள்.

லைசென்ஸைப் படம் பிடித்து பஸ் முதலாளிக்கு அனுப்பியதும் சரி என்று பதில் வந்துவிட்டது. எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. இவர் மட்டும், "ஒரு நிமிஷம்" என்று என் கையைப் பிடித்துப் பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"நான் ஓட்டுறேன். நீ மேனேஜர் வீட்டம்மாகூட இங்க இரு. ரெண்டு நாள்ல வேற வண்டி பிடிச்சு வந்து கூட்டிட்டுப் போறேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. "என்னது?"

"நீ இருந்தா நான் ஓட்ட மாட்டேன். உனக்குத்தான் தெரியுமே."

அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெடித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "எனக்கு என்னங்க தெரியும்? ஊர்ல உள்ளவன்லாம் உங்க வண்டில ஏறலாம். குடிகாரன் ஏறலாம், டிக்கெட் எடுக்காதவன் ஏறலாம். நான் ஏறினா மட்டும் குடி முழுகிப் போயிடுமா? நான் சத்தமாப் பேசறது உங்களுக்குக் கேவலமா இருக்கு, அதானே? அதை இன்னிக்காவது வாயைத் திறந்து சொல்லிடுங்க. நான் இங்கயே இருந்துக்கறேன். இந்த மலையிலயே ஒரு தையல் மெஷினைப் போட்டு உக்காந்துக்கறேன், போங்க!"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே திட்டுவது எனக்குக் கைவந்த கலை, ஆனால் இந்தத் தடவை திட்டு நின்றுபோய் அழுகைதான் மிஞ்சியது. அப்படித்தான் நினைக்கிறார் என்றால் மிச்ச வாழ்க்கையை நான் எந்த முகத்தோடு அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது?

அவர் மிரண்டுபோய்விட்டார். "கேவலமா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க எதையும் சொல்லாததால நானே நினைச்சுக்கிட்டேன்."

கொஞ்ச நேரம் டயரைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் டயரைப் பார்த்தே பேசினார். "அன்னிக்கு நீ ஏறினல்ல. பின்னால உக்காந்து பேசிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு வந்த. நான் கண்ணாடில உன்னையே பார்த்துக்கிட்டு ஓட்டினேன். ரெண்டு ஸ்டாப்பை நிறுத்தாமலே தாண்டிட்டேன். ஜனங்க கத்தினாங்க. அடுத்ததா, ஒரு சைக்கிள்காரன் வண்டி முன்னால வந்துட்டான். கடைசி நொடியிலதான் பார்த்தேன். மயிரிழையில தப்பிச்சான். வண்டியை ஓரம் கட்டி நிறுத்திட்டேன்."

"எஞ்சின் கோளாறுன்னு சொன்னீங்களே?"

"பின்ன, என்ன சொல்றது? பொண்டாட்டியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்னு பாசஞ்சர்கிட்டச் சொல்லவா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அடிக்கலாம் போலவும் இருந்தது. "அட பாவி மனுஷா! இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நான் எத்தனை நாள் வெயில்ல நிக்காம இருந்திருப்பேன்!"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு."

வெட்கமாம். வெட்கப்படுகிற வயதிலெல்லாம் நான் இவரைத் திட்டிக்கொண்டல்லவா இருந்திருக்கிறேன். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"பின்னால உக்காந்தாதானே கண்ணாடில பார்ப்பீங்க? கைகாட்டி சீட்டு காலியாத்தானே இருக்கு. நான் முன்னாடியே உக்காந்துக்கறேன். கண்ணாடில தெரியவே மாட்டேன்."

"நீ பக்கத்துல இருந்தா…"

"இத்தனை வயசுல என்கிட்டப் பார்க்க என்னங்க மிச்சம் இருக்கு? ரோட்டைப் பாருங்க. இல்ல, அந்தப் புதுப்பொண்ணுகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, ரெண்டு நாள் வராந்தாவுல படுத்துக்கம்மான்னு."

அவர் பதில் சொல்லாமல் பின்சக்கரத்துக்குக் காற்று அடிக்கப் போனார். அவர் பதில் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

மதியத்துக்கு முன்பே கிளம்பினோம். மேனேஜர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். மீசைக்காரர் கடைசி சீட்டில் காலை நீட்டித் தூங்கிவிட்டார், அடிவாரத்தில் எழுப்பச் சொல்லியிருந்தார். நான் கைகாட்டியின் மடக்கு சீட்டில், வண்டியின் முன்பக்க முழுக் கண்ணாடிக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். மலை மொத்தமும் என் மடியில் வந்து விழுகிற மாதிரி இருந்தது.

முதல் வளைவில் பேச்சு மூச்சில்லாமல் இருந்தேன், நானே! இரண்டாவது வளைவிலும் அப்படித்தான். அவர் கை என்ன அமைதியாகத் திருப்பியது தெரியுமா! வீட்டில் உப்பு டப்பாவைத் தேடத் தெரியாத மனுஷன். எதிரில் லாரி வந்தது, ஒதுங்கி வழி விட்டார். லாரிக்காரன் கையைத் தூக்கினான், இவரும் தூக்கினார். நாலு நாளாகக் கல்லு மாதிரி வந்த ஆள் இவர்தானா என்று எனக்கே சந்தேகம்.

"இடது பக்கம் பாரு" என்றார். கண் ரோட்டில்தான் இருந்தது. "வளைவு தாண்டினதும் ஏரி வரும். வரும்போது நீ தூங்கிட்ட."

"அப்ப ஏன் எழுப்பல?"

"நான் அந்த டிரைவர் பிரேக் போடறதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

ஏரி வந்தது. மத்தியான வெயிலில் நீலமாகக் கிடந்தது. அப்புறம் என் வாய்க்கு யார் பூட்டுப் போட முடியும்? ஏரியைப் பற்றிச் சொன்னேன், எங்கள் பெண்ணைப் பற்றிச் சொன்னேன், கம்பெனிக்காரனை ஊர் போய்ச் சேர்ந்ததும் என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன். எல்லாரும் சேர்ந்து புகார் கொடுப்போம், தலைமையாசிரியை எழுதுவார், நான் கத்துவேன், போன பணம் பாதியாவது வந்து சேரும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் "ம்" கொட்டினார். இரண்டு தடவை சிரித்தார். கண் ரோட்டை விட்டு இம்மி நகரவில்லை.

பின்னாலிருந்து தலைமையாசிரியையின் குரல் வந்தது. "அம்மா! டிரைவர்கூடப் பேசாதீங்க. மலைப் பாதை, அவருக்குத் தொந்தரவா இருக்கும்."

எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் கியரைக் குறைத்தார். வளைவை நிதானமாகத் திருப்பினார். பிறகு வண்டி முழுக்கக் கேட்கிற குரலில், அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை, சொன்னார்:

"அவ பேசட்டும் டீச்சர்."