புளியமரத்து ஆணி

புத்தூர் சவரிராயன் சயன்ஸ் வாத்தியார். பேய், செய்வினை என்று யாராவது வாயெடுத்தால் போதும், ஆளைப் பிழிந்து காயப்போட்டுவிடுவார். பதினெட்டு வருஷமாக அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு அவர் மனைவி ரோசரிக்குக் காது மரத்துப்போயிருந்தது.

கொல்லைப் புளியமரத்தை விற்று மகள் பேட்ரிசியாவைக் காலேஜில் சேர்க்க, ரோசரி ஒருவழியாக அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். அதிலும் ஒரு கொக்கி. "நல்ல விலைக்குப் போனா காலேஜ். இல்லேன்னா டைப்ரைட்டிங் போதும்." பெற்ற மகளின் படிப்பை மரத்தின் தலையில் கட்டியிருந்தார். என்ன தகப்பனோ!

மரவியாபாரி கலீல் நெஞ்சு உயரத்தில் கயிற்றைச் சுற்றி, அதை நாலாக மடித்து அளந்தார். அந்த அளவை அதனாலேயே பெருக்கி, முதல் கிளை பிரியும் கவை வரையுள்ள உயரத்தாலும் பெருக்கினால் கன அடி. வாத்தியார் சும்மா இருப்பாரா? "வட்டத்துக்கு இது கணக்கே இல்ல, பாய்" என்றார்.

"பட்டையும் சிராயும் போயிடும்ல சார். அதுக்கும் நானா காசு தரணும்?" என்று கலீல் சிரித்தார். "வைரம் பாஞ்ச மரம், செக்குக்கே போகும்" என்று அவர் சொன்ன விலையில் காலேஜும் ஹாஸ்டலும் அடங்கின. ரோசரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

பட்டையைத் தடவிக்கொண்டே போன கலீல் சட்டென்று நின்றார். "இங்க ரெண்டு ஆணி இருக்குங்களே. யாருக்குப் பேய் ஓட்டினீங்க?"

பேய் பிடித்தவரின் முடியை வைத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பது ஊர் வழக்கம். "ஆணியில பட்டா ரம்பத்துப் பல்லு போயிடும். பாதி விலைதாங்க" என்றார் கலீல்.

"படிக்காத ஜனங்க! சுவரேறிக் குதிச்சு அடிச்சிருப்பாங்க" என்று சவரிராயன் எகிறினார். "சரி, டைப்ரைட்டிங்தான்." முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை.

ரோசரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிடுங்கிட்டா, பாய்?"

"மொத்தமும் பிடுங்கினா சொன்ன விலை தரேம்மா. ஆனா உள்ள ஒண்ணு தங்கி ரம்பம் போச்சுன்னா, அந்த நஷ்டம் சார் தலையிலதான்."

உளியையும் குறட்டையும் கொண்டுவந்து கணவர் கையில் திணித்தாள். கலீல் காட்டிய இரண்டையும் அவர் முனகிக்கொண்டே பிடுங்கினார். இன்னொன்று இருக்குமோ என்று கலீல் தடவித் தேடிக்கொண்டிருக்க, ரம்பத்து நஷ்டத்துக்குப் பயந்த வாத்தியார் நேரே மரத்தின் பின்பக்கம் போய், ஆணி இருப்பதே தெரியாமல் பட்டை மூடியிருந்த ஓர் இடத்தில் உளியை வைத்தார். உள்ளே ஆணி இருந்தது.

"யாரோ அடிச்சதுன்னீங்க. அது அங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் ரோசரி.

கல்யாணமான வருஷம் ஒரு நாள் காலையில் தன் பின்னந்தலையில் ஒரு கொத்து முடி காணாமல் போயிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. மருமகளுக்குப் பேய் என்று மாமியார் புலம்பியபோது, அம்மாவைக் கேலி செய்து சிரித்தவர் இவர்தான். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது அருவருப்பு.

"அப்போ எங்க அம்மா செத்த துக்கத்துலதான் பேசாம இருந்தேன்" என்றாள். "என்ன ஏதுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கலீல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னும் எத்தனை இருக்கு?" என்றாள் ரோசரி.

"ரெண்டு" என்றார் சயன்ஸ் வாத்தியார், சுரத்தே இல்லாமல்.

"பிடுங்குங்க. எம்பொண்ணு காலேஜுக்குப் போகணும்."