ஃபெயில் சாரின் முறை

சீட் பெல்ட் கழலவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்ற இரண்டு ஊழியர்களில் ஒருவர் வண்டிக்குள் குனிந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். பிறகு அதைச் சொந்தக்காரனைத் திட்டுவதுபோலத் திட்டினார்.

"என்ன சார் வண்டி இது? ரெண்டே கதவு. பெல்ட்டும் விடமாட்டேங்குது."

"அமுக்கிட்டு உள்ளே தள்ளணும். அப்புறம் இழுக்கணும்" என்றான் மகன். காலையில்தான் கற்றுக்கொண்ட வித்தை. அவரை விலக்கிவிட்டு அவனே அப்பாவின் மடிமேல் குனிந்து கழற்றினான். அப்பாவின்மேல் இவ்வளவு நெருக்கமாகச் சாய்ந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று கணக்குப் பார்க்க நேரமில்லை. அவர் போட்டிருந்த புதுக் கறுப்புக் கண்ணாடி அவன் தோளில் பட்டு நழுவிக் கீழே விழுந்தது.

பத்து நிமிடத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்தது. அவனுக்கு வீட்டு வாசலிலேயே புரிந்திருந்தது. ஒரு படித்தவர் சொல்லட்டும் என்றுதான் இங்கே கொண்டுவந்திருந்தான்.

"கடைசியா எப்ப பேசினாரு?"

"ஒன்பது நாப்பதுக்கு."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப ஒண்ணேகால். இவ்வளவு நேரமா ஒரு வார்த்தைகூடப் பேசலையா? உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"பேச மாட்டாரு டாக்டர். வண்டியில பக்கத்து சீட்ல உட்கார்ந்தா பேசவே மாட்டாரு."

டாக்டர் கையிலிருந்த தாளில் பெயரைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"நீங்க ஃபெயில் சார் பையனா?"

"ஆமா."

"என்னை மூணு வாட்டி" என்றார் டாக்டர். குரல் தானாகவே தணிந்தது. "மூணு வாட்டியும் வாயே திறக்கலை."

அப்பா முப்பத்தோரு வருஷம் லைசென்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஓட்டிக் காட்ட வருகிறவர்களின் பக்கத்து சீட்டில் அட்டையும் பென்சிலுமாக ஏறி உட்காருவார். விரல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இறங்கும்போது மட்டும் ஒரே ஒரு சொல். அது பெரும்பாலும் 'ஃபெயில்' என்பதால் ஊர் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. பெற்ற மகனையும் இரண்டு முறை தோற்கடித்தார். மூன்றாவது முறை, அவர் காய்ச்சலில் படுத்திருந்த நாளாகப் பார்த்துப் போய் அவன் லைசென்ஸ் வாங்கிவந்தான். "அது செல்லாது" என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொந்த வண்டியை நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. சைக்கிள்காரர்கள் மணியடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவரை முந்திப் போவார்கள்.

ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் சின்ன வெள்ளை ஹேட்ச்பேக் கார் ஒன்றில் டெஸ்டுக்கு வந்தான். பார்க்கக் கடுகு, காரம் ஒரு மூட்டை மிளகாய்க்கு. அப்பா அதில் பன்னிரண்டு நிமிடம் போனார். ஓட்டியவனை ஃபெயில் ஆக்கினார். வண்டியைப் பாஸ் செய்து மனதில் வைத்துக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை வீட்டில் முப்பது வருஷம் பேசினார். அம்மா இருந்தவரை அவளிடம். அவள் போன பிறகு, பேச வேறு விஷயமில்லாத இரண்டு ஆண்களின் சாப்பாட்டு மேஜையில் அது மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

போன மாதம் அதே ரகம், அதே வெள்ளை, ஒரு விளம்பரத்தில் வந்தது. விற்பவர் நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு பல் டாக்டர். ஊரில் தெரிந்தவர் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, இன்று விடியலில் மகனோடு பஸ் ஏறினார் அப்பா. பல் டாக்டர் வீட்டு வாசலில் முட்டிபோட்டு உட்கார்ந்து, கதவடியில் தட்டித் தட்டித் துரு தேடினார்.

"தேடாதீங்க சார். சொத்தையெல்லாம் நானே சுரண்டி அடைச்சிட்டேன்" என்றார் பல் டாக்டர்.

"வலிச்சுதா அதுக்கு?" என்று கேட்டார் அப்பா.

அப்பா ஜோக் அடித்து மகன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பாதி வழி மகன், பாதி வழி அப்பா என்பது ஒப்பந்தம். நடுவில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே கை மாற வேண்டும். "முதல்ல நீ ஓட்டு. பிரேக் பிடிக்குதான்னு தெரிஞ்சுக்கலாம்" என்றார். பெற்ற பாசம். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் அமர்ந்தார். ஊர் எல்லையைத் தாண்டும்போது, ஒன்பது நாற்பதுக்கு, "கிளட்ச் மேலிருந்து காலை எடுடா. அது முக்காலி இல்ல" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. பரீட்சை ஆரம்பமாகிவிட்டது என்று மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மூன்றாவது கியரில் ஒரு இடத்துக்கு மேல் அந்த இன்ஜினுக்குக் குரல் மாறியது. அதுவரை இருமிக்கொண்டிருந்தது பாட ஆரம்பித்தது. அவன் ஒரு லாரியை முந்தினான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தொண்ணூறைத் தொட்டான். ஒன்றும் சொல்லவில்லை. வளைவுகளில் அவர் தலை மெல்லச் சாய்ந்து நிமிர்ந்தது. ரசிக்கிறார் என்று நினைத்தான்.

பதினொன்று பத்துக்குப் பங்க் வந்தது. வேகத்தைக் குறைத்தான், இண்டிகேட்டர் போட்டான், திரும்பிப் பார்த்தான். கறுப்புக் கண்ணாடி நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல் நீளவில்லை. அவனுக்கு இன்னும் ஒரு பத்து கிலோமீட்டர் வேண்டும்போல இருந்தது. கேட்டால் கொடுத்துவிடலாம். இண்டிகேட்டரை அணைத்தான்.

அப்பா கேட்கவில்லை. தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டார், ஒருவழியாகப் பாஸ் போட்டுவிட்டார் என்று வீடு வரை பாடிக்கொண்டே வந்தான். நிஜமாகவே பாடினான். வாசலில் நிறுத்தி, "வந்தாச்சுப்பா. எப்படி?" என்று கையைத் தொட்டபோது அது ஜில்லென்றிருந்தது.

"டாக்டர்" என்றான். "பதினொண்ணு பத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எது?"

"போனது."

"அப்படி நிமிஷக் கணக்கா யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஏன்?"

சொன்னான். பங்க், முறை, இண்டிகேட்டர். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார்.

"முன்னாடிதான் போயிருப்பாரு" என்றார். வயிற்றுவலிக்காரனிடம் 'ஒண்ணுமில்ல' என்று சொல்கிற வேகம் அதில் இருந்தது. பிறகு தாளில், இறந்த நேரம் என்ற இடத்தில் மதியம் 1.05 என்று எழுதினார்.

"ஒண்ணு அஞ்சா?"

"நான் பார்த்த நேரத்தைத்தான் போடணும். அதான் ரூல்."

ஆக, எழுத்துப்படி, பங்க்கைத் தாண்டும்போது அப்பா உயிரோடு தன் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தாள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அத்தைக்குப் போன் செய்து சொன்னான்.  "அண்ணன் ஓட்டினாரா?" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். உண்மை ஒன்று வருவதாகத்தான் இருந்தது.

"ஓட்டினாரு அத்தை. பங்க்லேருந்து கொஞ்ச தூரம். அப்புறம் அசதியா இருக்குன்னு என்கிட்ட கொடுத்துட்டாரு."

"எவ்வளவு வேகம் போனாரு?"

"நூத்திப்பத்து."

"டேய்."

"...எண்பது."

"எங்கண்ணன்டா அவரு."

"அறுபது அத்தை."

"அறுபதா!" என்றாள் அத்தை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "அறுபது போயிட்டாரா!"

சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் அப்பாவிடம் தோற்றவர்கள். முகத்தில் துக்கமும், இனி பயமில்லை என்பதும் சேர்ந்தே தெரிந்தன. எல்லாரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவனும் சொன்னான். ஐந்தாவது தடவை சொல்லும்போது கதையில் ஒரு லாரி சேர்ந்திருந்தது. அப்பா அதை முந்தியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அத்தை எழுந்து வெளியே போனாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். அத்தை வண்டியின் கதவைத் திறந்து ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவளும் அப்பாவும் ஒரே உயரம். பள்ளிக்கூடத்துப் படங்களில் முதல் வரிசைக்குத் தள்ளப்படுகிற உயரம். மகன் அம்மா வழி, ஆறடி. அத்தையின் கால்கள் பெடலுக்கு ஒரு சாண் எட்டாமல் நின்றன. அவள் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கையைப் பிடித்திருந்தவர் "அப்புறம்?" என்றார். அவனுக்கு அப்புறம் வரவில்லை.

அத்தை குனிந்தாள். சீட்டுக்கு அடியில் எதையோ துழாவினாள். ரொம்ப நாளாக யாரும் நகர்த்தாமல் இறுகியிருந்த சீட் 'கடக்' என்று முன்னால் நகர்ந்தது; சத்தம் ஜன்னல் வரை கேட்டது. இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, கையில் ஒட்டிய துருவை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"அறுபதுல ஓட்டிட்டு வந்திருக்காரு" என்று வாசலருகே இருந்தவர்களிடம் சொன்னாள். அவன் பக்கம் பார்க்காமல் காபி போடப் போனாள்.

மறுநாள் காலை அமரர் ஊர்தி வந்தது. உள்ளே வர இடமில்லை. "அந்த வெள்ளை வண்டியைக் கொஞ்சம் எடுங்கப்பா" என்று யாரோ சத்தம் கொடுத்தார்கள்.

அவன் போய்க் கதவைத் திறந்தான். முதலில் ஒரு கால், பிறகு தலை, பிறகு தன்னில் மிச்சமிருந்ததையெல்லாம் மடித்து உள்ளே நுழைத்தான். முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் இடித்தன. தாடை அதன் மேல் விளிம்பில் கிட்டத்தட்டப் பட்டது. சீட்டுக்கு அடியில் கை போனது. நெம்புகோல் விரலில் தட்டுப்பட்டது. கையை எடுத்துக்கொண்டான்.

சாவியைத் திருப்பினான். கிளட்ச்சை விட முழங்காலுக்கு இடமில்லாமல் வண்டி இரண்டு தடவை குலுங்கியது. ஃபெயில் ஆனவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். தெருமுனை வரை முதல் கியரிலேயே போனான்.