காளையின் பெயரிலும் ஒன்று

அருண்பாண்டி அளந்தது கொஞ்சநஞ்சமில்லை. அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் விருமாண்டி வீட்டுக் காரிக்காளையின் திமிலைப் பிடித்து மூன்று துள்ளல் தொங்கியதாக, விருமாண்டியின் மகள் அஸ்வினியிடமே சொல்லியிருந்தான். அவளைத்தான் வைகாசியில் கட்டப்போகிறான். உண்மையில், காளை ஒரு மூச்சு விட்டதும் பயல் கேலரிக் கம்பியேறி மாட்டு டாக்டர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அத்தனையும் வீடியோவில் இருந்தது. வீடியோ, அவன் எடிட்டராக இருக்கும் ஸ்டூடியோவில் இருந்தது. இன்றைக்கு அதை வாங்க அஸ்வினி வருகிறாள். பார்த்தாளானால் மானமும் போச்சு, கல்யாணமும் போச்சு!

அழிப்பதில் ஆள் கெட்டிக்காரன். லினக்ஸ் கம்ப்யூட்டரில் சும்மா அழித்தால் பெயர்தான் போகும், சரக்கு டிஸ்க்கிலேயே கிடக்கும் என்று தெரியும். ‘வீரர்கள்’ ஃபோல்டரில் தன் பெயரில் இருந்த வீடியோவை அழித்தான். டிஸ்க்கின் காலி இடம் முழுக்கக் குப்பையை எழுதித் துடைத்தான். பிறகு நிம்மதியாக ஒரு பருத்திப்பால் குடித்தான்.

அஸ்வினி வந்தாள். “எங்க காரி எங்க மாமா?” என்று மவுசைப் பிடுங்கி, ‘காளைகள்’ ஃபோல்டரைத் திறந்தாள். காரி அங்கே ஜம்மென்று இருந்தது.

இந்த ஊரில் மாடு பிடித்தவனும் வீடியோ கேட்பான், மாடு வளர்ப்பவரும் கேட்பார். பிரதி எடுத்தால் இடம் அடைக்குமே என்று, ஒரே வீடியோவுக்கு வீரர் பெயர் ஒன்று, காளை பெயர் ஒன்று என ஹார்ட் லிங்க் போட்டு வைத்தது இந்த மகராசன்தான். கடைசிப் பெயர் போகும்வரை சரக்கு அசையாது. காலி இடத்தைத் துடைத்து என்ன பிரயோசனம்? மனுசனை அழித்தவன் மாட்டை மறந்துவிட்டான்.

“அப்பா வண்டிய நிப்பாட்டிட்டாரான்னு பாத்துட்டு வாரேன்” என்று அவள் வாசலுக்குப் போனாள். அருண்பாண்டி பாய்ந்தான். இந்த முறை பெயரை விட்டுவிட்டு, சரக்கின் மேலேயே குப்பையை எழுதச் சொல்லிக் கட்டளை கொடுத்தான். இனி எந்தப் பெயரில் திறந்தாலும் ஒன்றுமில்லை.

“என்ன மாமா, ஓட மாட்டேங்குது?” என்று திரும்பி வந்தவள் மவுசைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

“ஃபைல் கெட்டுப்போச்சு போல.”

“கேமரா கார்டு?”

“அதுல அப்பவே வேற கல்யாணம் ஏறிருச்சு.”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயையோ! எங்க காரி நின்னு விளையாண்டது இது ஒண்ணுதான மாமா. கல்யாண மண்டபத்துல பெரிய ஸ்கிரீன்ல போடணும்னு அப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு!”

“நான் தொங்குனதும் போச்சே” என்றான் அவன், சோகமாக.

“நீங்க டாக்டர் மடியில உக்காந்ததத்தான் உங்க முதலாளி பொங்கலன்னைக்கே போட்டுக் காமிச்சாரே. நீங்க அளந்தப்ப எம்புட்டுக் கஷ்டப்பட்டுச் சிரிப்ப அடக்குனேன் தெரியுமா? அதப் பாத்துத்தான் அப்பா சம்பந்தமே பேசுனாரு. இவனுக்கு உசுரு மேல ஆச இருக்கு, எம்புள்ள தாலிக்குப் பயமில்லன்னாரு.”

சாவிக்கொத்திலிருந்து பென்டிரைவைக் கழற்றிக்கொண்டே விருமாண்டி உள்ளே வந்தார். முகமெல்லாம் பல்.

“ஏத்துறதுக்கு முன்னாடி ஒருக்கா போடு மாப்ள, பாப்போம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.