ஒன்பது விநாடி நிலா

தங்கைக்கு ஐம்பத்தாறு வயது. அக்காவுக்கு அவள் இன்னமும் ‘வாலு’தான். பழைய படங்களைச் சுத்தம் செய்து பாதுகாக்கும் காப்பகத்தில் முப்பது வருஷ வேலை. பிரேம் பிரேமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கீறலையும் தூசியையும் அழிப்பாள். ஒற்றை முடி விழுந்திருந்தால்கூட அவளிடம் தப்பாது. அதில் அவளுக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம்தான்.

அந்தக் காப்பகத்துக்கு ஆமைப் படம் வந்து சேர்ந்தது. கடலைத் தேடி நடக்கும் குட்டி ஆமையின் கதை. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக் கார்ட்டூன். கண்ணாடி போன்ற தாள்களில், கையுறை மாட்டிக்கொண்டு, நாற்பது பெண்கள் ஒவ்வொரு படமாக வண்ணம் தீட்டினார்கள். பத்தொன்பது வயது அக்காவும் அதில் ஒருத்தி. முதலாளியின் மச்சான் பேர்கூடப் படத்தில் வந்தது, இந்த நாற்பது பேரில் ஒருத்தி பேரும் வரவில்லை. படம் மூன்று வாரம் ஓடிவிட்டுக் காணாமல் போனது. நாற்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு கிடங்கில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது, அதுவும் வினிகர் நாற்றத்தோடு. அந்த நாற்றம் வந்துவிட்டால் பிலிமுக்கு ஆயுசு முடிகிறது என்று அர்த்தம்.

அக்காவுக்கும் டாக்டர் கையை விரித்துவிட்டார். “ஆறு மாசம் தாங்கினா பெருசு” என்றார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. கண்ணை மூடுவதற்குள் அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

தங்கை ராப்பகல் பார்க்காமல் உழைத்தாள். எந்த நிறம் எப்படி இருந்தது என்று கேட்க, உயிரோடிருந்த கேமராக்காரரைத் தேடிப் பிடித்தாள், இசையமைப்பாளரின் மகனுக்கு போன் போட்டாள். வீட்டில் கட்டிலில் கிடந்தவளை மட்டும் கேட்கவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான். கேட்டால் ‘மொத்தமாகக் காட்டி அசத்த வேண்டும்’ என்பாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அக்கா விசாரிப்பாள்.

“நிலா வர்ற சீன் நல்லா இருக்காடி?”

“பாக்கும்போது பாத்துக்க. அவசரக்குடுக்கை!”

ஐந்தாவது மாதம் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, டிவியில் படத்தைப் போட்டாள். மணல் பளிச்சென்று இருந்தது. ஆமையின் ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் தெரிந்தது. தங்கை படத்தைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிலா எழுந்தது. அக்கா முன்னால் குனிந்தாள். ஒன்பது விநாடியில் காட்சி மாறிவிட்டது.

“வாலு, கொஞ்சம் பின்னாடி போ.”

மறுபடி போட்டாள். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“நிலாவோட கீழ் ஓரத்துல ஒரு கறை இருக்குமே. எங்க?”

“அடேயப்பா, அதுவா!” தங்கைக்குப் பெருமை பிடிபடவில்லை. “யாரோ கையுறை போடாம தொட்டிருக்காங்கக்கா. ஆமைத் தலை வேற அதுமேலயே போகுது, மெஷின் எடுக்க மாட்டேன்னுடுச்சு. இருநூத்துப் பதினாறு பிரேம், நானே கையால எடுத்தேன். மூணு நாள்!”

அக்கா தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

“அது நான்தான்டி” என்றாள்.

“தெரியாம பட்டுடுச்சாக்கா?”

“தெரிஞ்சேதான். பேருதான் போட மாட்டாங்க, இதாவது இருக்கட்டுமேன்னு கட்டைவிரல மையில தொட்டு நிலாத் தாள்ல ஒத்துனேன். அந்த சீன் முழுக்க நிலாவுக்கு ஒரே தாள்தான். கேமராக்காரர் அதை நிலாவோட களங்கம்னு நெனச்சு விட்டுட்டாரு. பதினோரு தடவை டிக்கெட் எடுத்துப் போய்ப் பாத்தேன். புருஷன், புள்ள குட்டி எதுவும் இல்லாதவளுக்கு அது ஒண்ணுதான்டி இருந்துச்சு.”

இப்போதுதான் தங்கைக்குப் புரிந்தது. இத்தனை மாதமும் நிலா, நிலா என்று கேட்டது இதற்குத்தான்.

“பழைய பிலிம்ல இருக்கும்ல?” அக்காவின் குரலில் ஆசை இருந்தது.

பிலிம் இல்லை. வினிகர் நோய் மற்ற சுருள்களுக்கும் பரவும் என்று போன வாரம்தான் அதை அழித்தார்கள். சுத்தம் செய்வதற்கு முன் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த நகலையும் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டார்கள். இரண்டு உத்தரவிலும் கையெழுத்துப் போட்டவள் தங்கைதான். ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள், வாய் வரவில்லை.

“இல்லக்கா. நான்தான்...”

மேலே பேச முடியாமல் தேம்பினாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சாகக் கிடப்பவள் ஆறுதல் சொல்கிறாள், கல்லு மாதிரி இருப்பவள் அழுகிறாள்.

“சரி விடு. படத்தை மொதல்லேருந்து போடு. உன் பேரு வந்துச்சுல்ல, நான் சரியாப் படிக்கல.”

வந்திருந்தது. ‘மீட்டெடுத்தவர்’ என்று தங்கையின் பேர் மட்டும், தனியாக, திரை நிறைய. தங்கை அதை நிறுத்திவைத்தாள். அக்கா எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள்.

“நம்ம வீட்டுப் பேரு ஒண்ணாவது வந்துடுச்சே” என்றாள்.

குத்திக் காட்டியிருந்தால் தங்கை தாங்கியிருப்பாள். அக்கா நிஜமாகவே சந்தோஷமாகத்தான் சொன்னாள்.