ஏழு பேருக்கான தாழ்வாரம்

தொழிற்சங்கப் பதிவு அலுவலகத்தின் தாழ்வாரம் தனியாகப் போகிறவர்களுக்குப் பத்தடி. இரண்டு பேர் சேர்ந்து போனால் நூறடி. நாங்கள் ஏழு பேர் போனோம். மறுமுனை தெரியவில்லை.

நாங்கள் இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறவர்கள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. பதினோரு வருஷமாகக் கையுறை கேட்கிறோம். தனித்தனியாகக் கேட்டவர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதனால்தான் சங்கம்.

வாசலில் எழுத்தர் தீனதயாளன் எங்களை எண்ணினார்.

“சங்கம் பதிய ஏழு பேர் வேணும்.”

“ஏழு பேர்தான் சார் வந்திருக்கோம்.”

“ஏழு பேர் ஒண்ணா நிக்க அனுமதி இல்ல.”

“அப்ப எப்படிப் பதியுறது?”

“தனித்தனியா ஒண்ணு சேந்து வாங்க.”

“சங்கம் வைக்க அரசியல் சட்டத்துல உரிமை இருக்கு” என்றேன்.

“யாரு இல்லன்னு சொன்னா? சட்டப் புத்தகத்துல அந்தப் பக்கத்தை உள்ள பீரோவுல பூட்டி வச்சிருக்கோம். ஆளாளுக்குத் தொட்டா அழுக்காயிரும்லா.”

எங்களில் பேச்சியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. “நான் போய் எடுத்துட்டு வாறேன்” என்று தனியாக நடந்தாள். பத்தே அடியில் போய்ச் சேர்ந்தாள். சேர்ந்ததும் நாற்காலியாகிவிட்டாள்.

தீனதயாளன் அதை வாசலுக்குத் தூக்கிவந்து உட்கார்ந்தார். கைப்பிடியின் நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது, ஐஸில் கிடந்த விரல் மாதிரி.

“எந்திரிங்க சார். அது எங்க ஆளு.”

“இது அரசாங்க நாற்காலிம்மா. நம்பர் போட்டாச்சு.”

“அவளுக்குப் பேரு இருக்கு.”

“அப்ப மனு குடுங்க. நாற்காலி கையெழுத்துப் போட்டிருக்கணும்.”

ஆறு பேரும் பிடித்து நாற்காலியைச் சாய்த்தோம். அவர் கீழே விழுந்தார். விழுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

நாங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சேர்ந்தே உள்ளே நடந்தோம். முன்னால் கொத்தனார்கள் ஓடி ஓடி இரு பக்கமும் சுவர் கட்டினார்கள். தாழ்வாரம் நீண்டது.

வழியில் பெஞ்சுக்கு ஒருவராகத் தீப்பெட்டித் தொழிலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க போறிய?”

“எங்க உரிமையை எடுக்க.”

அவர்களும் எழுந்து வந்தார்கள். ஓர் ஆள் சேர்ந்தால் நூறடி கூடியது. நாற்காலி கனத்தபோது அவர்கள் தோள் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் நாங்கள் நாற்பது பேர்.

“இது முடியவே முடியாதாக்கா?” என்று கேட்டாள் எங்களில் இளையவளான ரஹ்மத்.

நாற்காலியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

முன்னால் ஒரு கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார்.

“எங்களுக்கும் சங்கம் இல்லக்கா” என்றார்.